விட்டுப்போன கமா

கல்லூரி வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். சின்ன பேனரா அது? கல்யாண மண்டபத்து வாசலை அடைத்துக் கட்டுவார்களே, அந்த அளவு. டோல்கேட்டில் பஸ் மாறி மண்ணச்சநல்லூர் ரோட்டில் வந்து இறங்கிய பெலிண்டா, அதைப் பார்த்து முதலில் சந்தோஷம்தான் பட்டாள். அவளைப் பொறாமைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவளுடைய துறைத்தலைவர் கோட்டும் டையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தலைக்குப் பின்னால் பூமி உருண்டை. ‘உலகின் முன்னணி விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் முனைவர் பி. ஸ்தனிஸ்லாஸ்’ என்று பொன்னிற எழுத்து. பரவாயில்லையே, மனுஷன் சத்தமில்லாமல் ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்தபடி அடுத்த வரியைப் படித்தாள்.

‘வெப்பத்தால் சிதையும் சிறுநீரகச் செல்கள் பற்றிய ஆய்வுக்காக உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுபவர்.’

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள். எழுத்து மாறவில்லை. அது அவளுடைய ஆய்வு.

வயலிலும் செங்கல் சூளையிலும் உச்சி வெயிலில் நிற்கிறவர்களுக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, ஆனால் நாற்பது வயதில் கிட்னி போய்விடுகிறதே, அது ஏன்? இந்த ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடந்தவள் பெலிண்டா. மனிதச் சிறுநீரகச் செல்களைத் தட்டில் வளர்த்து அவற்றுக்குத் திருச்சி வெயிலைக் காட்டினாள். செல்லுக்குள் எது பழுதானாலும் அதைச் செல்லே தின்று செரித்துத் தன்னைச் சுத்தம் பண்ணிக்கொள்ளும். சூடு ஏற ஏற அந்த வேலை எந்த இடத்தில் நிற்கிறது, எந்தப் புரதம் கையை விரிப்பதால் நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, பண்டிகை தெரியாது, வேளைக்குத் தீனி மாற்றாவிட்டால் செத்துப்போகும். கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் வீட்டில் கேக் வெட்டக்கூட நிற்காமல் லேபுக்கு ஓடியிருக்கிறாள். கரும்புக்காட்டுக் கூலிகளுக்கு இதே கதியாகிப் போன நாடுகளில் எல்லாம் இன்றைக்கு அவள் கட்டுரைகளைத்தான் எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். துறைத்தலைவருக்கோ அந்த லேபின் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்றுகூடத் தெரியாது. அவர் வேப்பிலைச் சாறு ஆள். எந்தச் செல்லைக் கொடுத்தாலும் அதன்மேல் வேப்பிலைச் சாற்றை ஊற்றி ஒரு கட்டுரை எழுதிவிடுவார்.

பிறகு எப்படி இது நடந்தது? எல்லாம் பேரால் வந்த வினை.

துறைத்தலைவர் பேர் ஸ்தனிஸ்லாஸ், அவருடைய அப்பா பேர் பெஞ்சமின், ஆகவே அவர் பி. ஸ்தனிஸ்லாஸ். பெலிண்டாவின் அப்பா பேரும் ஸ்தனிஸ்லாஸ்தான். பொன்மலையில் ரயில்வே ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். ஆகவே அவள் எஸ். பெலிண்டா. உறவும் கிடையாது, ஒட்டும் கிடையாது. நம் ஊரில் இதில் ஒரு குழப்பமும் வராது. வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பும்போதுதான், ‘உங்கள் குடும்பப் பெயர் என்ன?’ என்று கேட்பான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பேரைப் போடு என்றார்கள், போட்டாள். பெலிண்டா ஸ்தனிஸ்லாஸ். மேற்கோள் காட்டுகிறவன் அந்தக் கடைசிப் பேரை முன்னால் இழுத்து, முதல் பேரை ஒற்றை எழுத்தாக நறுக்கி, ‘ஸ்தனிஸ்லாஸ் பி.’ ஆக்கினான். துறைத்தலைவரும் ஸ்தனிஸ்லாஸ் பி. தானே? ஒரே கல்லூரி, ஒரே துறை. யாருக்கு எத்தனை மேற்கோள் என்று இணையத்தில் கணக்குப் பண்ணுகிற கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் பேரிலுள்ள இணையப் பக்கத்தில் கொட்டிவிட்டது.

வெறும் பேனர் என்றால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பாளோ என்னவோ. அந்த வருஷம் கல்லூரிக்கு அரசு உதவியோடு ஓர் உயிரணு ஆய்வு மையம் வருகிறது. மேற்கோள் யாருக்கு அதிகமோ அவரே இயக்குநர். லேப், இன்குபேட்டர், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாம் இயக்குநர் கைக்குப் போய்விடும். பெலிண்டாவின் செல்கள் வேப்பிலைச் சாற்றுக்குப் போகும்.

நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனாள். மேசைமேல் யாரோ போட்டுவிட்ட சந்தன மாலை கிடந்தது.

“வாங்க வாங்க மேடம். ஸ்வீட் எடுத்துக்குங்க.”

“சார், பேனர்ல போட்டிருக்கறது என் வேலை.”

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “அட, என்னங்க நீங்க. நானா போய்க் கேட்டேன்? கம்ப்யூட்டர் சேத்துருக்கு. தானா வந்தது.”

“தானா வந்ததைத் தானா எடுத்து விடலாமே சார். நெட்ல உங்க பேர்ல இருக்கற பக்கத்துக்குப் போயி ‘இது என்னோடது இல்லை’ன்னு ஒரு கிளிக் பண்ணினா போதும். என் பேப்பர் என் பேருக்கு வந்துடும்.”

“ஏன் பிரிச்சுப் பாக்கறீங்க? டிபார்ட்மெண்ட்டுக்குத்தானே பேரு.” ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “அதோட ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க உங்க பேரையா போட்டீங்க? உங்க அப்பா பேரைத்தானே போட்டீங்க? ஸ்தனிஸ்லாஸ்னு போட்டா ஸ்தனிஸ்லாஸுக்குத்தான் வரும்.”

பெலிண்டாவுக்கு ஜிவ்வென்று ஏறியது. “இன்ஷியலை உங்க அப்பாகிட்ட வாங்கினீங்க சார், சரி. பேப்பரை யாருகிட்ட வாங்கினீங்க?”

லட்டு அப்படியே நின்றது. “பாத்துப் பேசுங்க மேடம்,” என்றார். சிரிப்பு போய்விட்டது.

“பாத்துட்டுத்தான் பேசறேன். வாசல்லயே பெருசா கட்டி வெச்சிருக்கீங்களே.”

வெளியே வந்தவள் அதே வேகத்தில் முதல்வர் அறைக்குப் போனாள். முதல்வர் அருள்ராஜ் கெட்டவர் இல்லை. யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர், அவ்வளவுதான். அந்த மாதிரி ஆளால் விளைகிற கேடு, கெட்டவனால்கூட விளையாது. பெலிண்டா தன் கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மேலே, தலைப்புக்குக் கீழே, முழுசாக அச்சாகியிருந்தது: பெலிண்டா ஸ்தனிஸ்லாஸ்.

“இதை யாராவது தொறந்து பாத்தீங்களா சார்? பேனர் அடிக்கறதுக்கு முன்னாடி?”

“பேப்பரை எங்கம்மா தொறக்கறது? எண்ணிக்கையைத்தான் பாப்போம்.” முதல்வர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. ஐயா கண்டுபிடித்துவிட்டார். “அட, இதுலயே இருக்கே! பெலிண்டா, ஸ்தனிஸ்லாஸ். நீங்களும் அவரும் சேர்ந்து எழுதினது. நடுவுல ஒரு கமா விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.”

பெலிண்டா அந்தப் பேரின்மேல் விரலை வைத்தாள். “சார்... கமா விட்டுப்போகலை. அது ஒரே ஆளு. ஸ்தனிஸ்லாஸ் எங்க அப்பா.”

“உங்க அப்பாவும் சயின்டிஸ்ட்டா?”

“எங்க அப்பா ஃபிட்டர் சார்! பொன்மலையில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காரு!”

“கோபப்படாதீங்கம்மா. எனக்குப் புரியுது.” புரியவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. “ஆனா பேனர் கட்டியாச்சு, பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. இப்பப் போயி இல்லைன்னா காலேஜ் மானம் என்னாகறது? நீங்க கல்யாணத்துக்கு அப்பறம் உங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது பாருங்க. பெலிண்டா பிரான்சிஸ். எவ்வளவு நல்லா இருக்கு.”

ஆகக்கூடி, குற்றம் யாருடையது? அப்பா பேரைப் போட்ட பெலிண்டாவுடையது. புருஷன் பேரைப் போடாத பெலிண்டாவுடையது. கமா போடாத பெலிண்டாவுடையது. எடுத்துக்கொண்டவர் மட்டும் லட்டு சாப்பிடுகிறார்!

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது ஸ்தனிஸ்லாஸ் முதலில் சிரித்தார். அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம், கோபமும் கொஞ்சம் தாமதம். இரண்டாம் தரம் விளங்கச் சொன்னதும் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“அப்ப என் பேரு உலகம் பூரா போயிருக்குங்கறே.”

“போயிருக்குப்பா.”

“ஆனா வேற எவனோ சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிருக்கு.” அவர் மூக்கு விடைத்தது. “நீ பேசாம இருந்துட்டு வந்தியா?”

“பேசாம எங்கே வந்தேன்? கத்திட்டுத்தான் வந்தேன்.”

“கத்தினது பத்தலை,” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பெலிண்டா ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். கல்லூரி நூலகர் கோதையின் வீடு கீழ உத்திர வீதியில். கல்லூரியில் இந்த மேற்கோள் கணக்கு வழக்கு தெரிந்த ஒரே ஆள் கோதைதான். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாடி போடி என்று பேசிக்கொள்கிற சிநேகம்.

“முதல்ல தீர்த்தம் சாப்பிடு. மூஞ்சியெல்லாம் சிவந்து கிடக்கு,” என்று சொம்பைக் கையில் கொடுத்துவிட்டுக் கோதை கம்ப்யூட்டரைத் திறந்தாள். கணக்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு அவள் ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தாள். பதில் வந்திருந்தது. பக்கத்தின் சொந்தக்காரர் ஒப்புக்கொண்டால் பிரித்துத் தருவார்களாம். அவர் மாட்டேன் என்றால், கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்க வேண்டுமாம்.

“திருடினவன் ஒத்துக்கணும், இல்லாட்டி திருடனுக்கு மாலை போட்டவர் ஒத்துக்கணும். நல்லா இருக்கே நியாயம்!” என்றாள் பெலிண்டா.

“பெருமாளே, கத்தாதே. மாமியார் பாராயணம் பண்ணிண்டிருக்கா.” கோதை குரலைத் தழைத்துக்கொண்டாள். “வேற ஒண்ணு சொல்லணும். ஆனா நீ கோபப்படக் கூடாது.”

“கோபப்படாம இருக்கற மாதிரியா ஏதாவது நடக்குது இங்கே?”

கோதை திரையைத் திருப்பிக் காட்டினாள். ஸ்தனிஸ்லாஸ் பி. எழுதிய வேப்பிலைக் கட்டுரை ஒன்று. அதில் இரண்டு படங்கள்: வேப்பிலைச் சாறு ஊற்றாத செல்கள், ஊற்றிய செல்கள். எந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு கண்கொத்திப் பாம்பு கண்டுபிடித்துவிட்டது: இரண்டும் ஒரே படம். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறது. கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் கல்லூரிக்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள், விசாரணைக் குழு உட்காரப் போகிறது.

“பேனர் கட்டின சூட்டுலயே வந்துடுத்து பார்த்தியா,” என்றாள் கோதை.

பெலிண்டாவுக்கு ஓர் அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மறைப்பானேன்? நன்றாக வேண்டும் என்று தோன்றியது. “இதுல நான் எதுக்குக் கோபப்படணும்?”

“ஏன்னா...” கோதை சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். “உங்க துறைத்தலைவர் வெள்ளிக்கிழமை முதல்வர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கார். இந்தப் பேப்பர் தன்னோடது இல்லையாம். ஸ்தனிஸ்லாஸ் பி.ன்னா பெலிண்டாவாம். கம்ப்யூட்டர் தப்பா தன் கணக்குல சேத்துடுத்தாம்.”

அந்த வீட்டின் உள்ளே திருப்பாவையோ எதுவோ மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பெலிண்டா எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். என்ன மனுஷன்! நல்லது வந்தால் பி. என்பது பெஞ்சமின், கெட்டது வந்தால் பி. என்பது பெலிண்டா. பழிக்கு மட்டும் அவளுக்குச் சொந்தப் பேர் கிடைக்கிறது. போலிப் படம் போட்டவள் என்று ஒரு தரம் பேர் வந்துவிட்டால் ஆய்வு மையம் இருக்கட்டும், அதுவரை அவள் செய்த அத்தனையையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அந்தச் சூளைக்காரர்களின் கிட்னியும் போச்சு.

“அந்தப் பேப்பர்ல தொடர்புக்குன்னு துறையோட பொது மெயிலைத்தான் போட்டிருக்கு. கூட எழுதின பையனும் இப்ப எங்கேயோ வெளிதேசத்துல. பேரும் முழுசா இல்லே, வெறும் பி. ஸ்தனிஸ்லாஸ்,” என்றாள் கோதை. “உன்னோட பேப்பர் எல்லாத்தையும் அச்சடிச்சு எடுத்துண்டு போ. யாராவது ஒருத்தராவது தொறந்து பாக்கட்டும்.”

விசாரணை அன்றைக்கு அப்பா தானும் வருகிறேன் என்று நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பழைய ரயில்வே பெல்ட். “என் பேரு போட்ட பேப்பர்ல ஃபிராடுன்னு சொல்றாங்க. நான் வராம?” என்றார். அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அழைத்துக்கொண்டு போனாள்.

குழு கூடிய அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். துறைத்தலைவர் முன்னமே உள்ளே போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் அட்டெண்டர் கதவைத் திறந்து கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அதிலும் பெலிண்டா ஸ்தனிஸ்லாஸ் என்றுதான் எழுதியிருக்கும் போலிருக்கிறது. பாதியை விட்டுவிட்டுக் கடைசியை மட்டும் கூப்பிட்டார்.

“ஸ்தனிஸ்லாஸ்! உள்ள வாங்க.”

“வந்துட்டேங்க,” என்று அப்பா விறுக்கென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

“அப்பா! அப்பா, நில்லுங்க!” பெலிண்டா கோப்பும் கையுமாகப் பின்னால் ஓடினாள்.

உள்ளே முதல்வர் அருள்ராஜ் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து வரவழைத்த நிபுணர், உறையூர் சாரா பீவி. ஓய்வு பெற்ற பேராசிரியர், ஒல்லியான அம்மாள், பேச்சில் ஒரு சொல் கூடுதலாக வராது. எதிர் நாற்காலியில் துறைத்தலைவர்.

“நீங்க யாருங்க?” என்றார் சாரா பீவி.

“ஸ்தனிஸ்லாஸுங்க. கூப்பிட்டீங்களே.”

“எந்த ஸ்தனிஸ்லாஸ்?”

“பேப்பர்ல இருக்கற ஸ்தனிஸ்லாஸ்.” அப்பா நிமிர்ந்து நின்றார். “பெலிண்டாவோட அப்பா. நான் அதுல ஒரு எழுத்துகூட எழுதலைங்க. அத்தனையும் எம் பொண்ணு எழுதினது. என் பேரு சும்மா பின்னாடி நிக்குது, துணைக்கு. நடுவுல கமா கெடையாது.” கமா என்று சொல்லும்போது முதல்வரை ஒரு பார்வை பார்த்தார். பெலிண்டா வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள்.

முதல்வர் இருமினார். “ஐயா, நீங்க வெளியில...”

“இருக்கட்டும், உக்காருங்க,” என்றார் சாரா பீவி அப்பாவிடம். பிறகு பெலிண்டா பக்கம் திரும்பினார். “இந்த வேப்பிலைக் கட்டுரை உங்களுதுன்னு இவர் சொல்றாரு.”

“இல்லைங்க மேடம்.”

“அவங்களுதுதான்,” என்றார் துறைத்தலைவர். அந்தக் குரலில் என்ன ஒரு கனிவு! “நான் இவங்களைக் குத்தம் சொல்ல வரலை. ஸ்டூடண்ட்ஸ் ஏதோ படத்தை மாத்திப் போட்டிருப்பாங்க. ஆனா பி.ன்னா பெலிண்டா, அதுல சந்தேகமே கிடையாது. கம்ப்யூட்டர் ரெண்டு பேரையும் குழப்பிடுச்சு.”

அந்தக் கனிவுதான் பெலிண்டாவைச் சுட்டது. ஆனால் குரல் உயரவில்லை. இத்தனை நாள் கத்தினவளுக்கு அன்றைக்கு ஏனோ கத்த வேண்டும் என்றே தோன்றவில்லை.

“மேடம், சார் சொல்றதைக் குறிச்சுக்குங்க. கம்ப்யூட்டர் ரெண்டு பேரையும் குழப்பிடுச்சு. இதைத்தான் நான் பேனர் கட்டின அன்னையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். அன்னைக்கு யாரும் கேக்கலை.”

சாரா பீவி முதல்வரைப் பார்த்தார். “வாசல்ல இருக்கற பேனரா?”

“ஆமாங்க... அது வந்து...” என்றார் முதல்வர்.

“அதுல இருக்கற கிட்னி ஆராய்ச்சி யாரோடது?”

பெலிண்டா கோப்பைத் திறந்து தன் கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றிலும் பேர் முழுசாக இருந்தது. கடைசியில் வேப்பிலைக் கட்டுரையை வைத்தாள். சாரா பீவி ஒவ்வொன்றாகத் திறந்தார். அந்தக் கல்லூரியில் அந்தக் கட்டுரைகளை ஒருத்தர் நிஜமாகவே திறந்து படித்தது அன்றைக்குத்தான்.

“என் பேப்பர் எதுலயும் நான் பேரைச் சுருக்கினது கிடையாது மேடம். இந்த ஒண்ணுல மட்டும்தான் பி. ஸ்தனிஸ்லாஸ்னு இருக்கு. இன்ஷியல் முன்னாடி நிக்குது. நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி நிக்கற எழுத்து யாரோடது? எனக்கு முன்னாடி எஸ். நிக்கும், அது இதோ உக்காந்திருக்காரே, இவரு.” துறைத்தலைவர் பக்கம் திரும்பினாள். “சார், உங்க அப்பா பேரு என்ன?”

துறைத்தலைவர் சாரா பீவியைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார். முதல்வர் மேசையைப் பார்த்தார்.

“இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை,” என்றார்.

“நான் ஒண்ணும் கஷ்டமான கேள்வி கேக்கலையே சார். புரதம் எதுன்னு கேக்கலை, செல்லு எதுன்னு கேக்கலை. கேட்டா உங்களுக்குத் தெரியாது. ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கும்போது கேப்பாங்களே, அதைத்தான் கேக்கறேன். அப்பா பேரு என்ன?”

அவருக்கு வேர்த்துவிட்டது. அப்பாவையும் சாரா பீவியையும் தவிர அங்கே எல்லாருக்கும் பதில் தெரியும். அப்பா காது மந்தமானவர் இல்லையா, கையைக் காதோரம் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. அந்தக் கிழவரின் முகத்துக்கு நேராக ஒருத்தன் பொய் சொல்லலாம், எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லலாம். பெற்ற தகப்பன் பேரை எப்படி மாற்றிச் சொல்வான்?

“பெஞ்சமின்,” என்றார் துறைத்தலைவர், வாய்க்குள்ளேயே.

“என்னங்க?” என்றார் அப்பா.

“பெஞ்சமின்!”

“நல்ல பேருங்க,” என்றார் அப்பா. “அதைச் சொல்றதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படறீங்க?”

சாரா பீவி வேப்பிலைக் கட்டுரையைத் தனியாக எடுத்து வைத்து, பேனா மூடியைத் திறந்தார். “பி.ன்னா பெஞ்சமின். எழுதிக்கறேன். மத்ததெல்லாம் பெலிண்டாவோடது, அதையும் எழுதிக்கறேன்,” என்றார். பிறகு முதல்வரிடம், “கணக்கைப் பிரிக்கச் சொல்லி லெட்டர் ஒண்ணு குடுங்க. இன்னைக்கே,” என்றார். முதல்வர் அன்றைக்கே கொடுத்தார். துணிந்து எதையும் செய்யாதவருக்கு, யாராவது சொல்லிவிட்டால் போதும்.

கணக்கு பிரிந்தது. பெலிண்டாவின் கட்டுரைகள் பெலிண்டாவிடம் வந்தன. துறைத்தலைவர் பக்கத்தில் வேப்பிலை மட்டும் மிச்சமிருந்தது, அதிலும் அந்தப் போலிப் படக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே செல்லாது என்று திரும்ப வாங்கிக்கொண்டது. ஆய்வு மையத்தின் இயக்குநர் பதவி அவளுக்கு வந்தது. யாரும் அவளிடம் வந்து, தப்பு நடந்துவிட்டது அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துறைத்தலைவர் வராந்தாவில் எதிரே வந்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

மையத் திறப்பு விழாவுக்கு அப்பாவும் கூட வந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே பெல்ட். டோல்கேட் தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். கல்லூரி வாசலில் புது பேனர். இந்தத் தரம் பெலிண்டாவின் படம், தலைக்குப் பின்னால் அதே பூமி உருண்டை. காசை மிச்சம் பிடித்திருப்பார்கள். கோதை வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் சரியில்லை.

“நான் சொல்லித்தான் பார்த்தேன் பெலிண்டா. முதல்வர் தன் கையாலயே எழுதிக் குடுத்தாராம். இந்தத் தடவை தப்பே வரக் கூடாதுன்னு.”

பெலிண்டா அண்ணாந்து பார்த்தாள். பொன்னிற எழுத்து, இரண்டடி உயரம்.

‘உலகம் போற்றும் எங்கள் விஞ்ஞானி முனைவர் பெலிண்டா, ஸ்தனிஸ்லாஸ்.’

கமா போட்டிருந்தார்கள். குண்டாக, அழகாக, வாலோடு.

“என்னம்மா போட்டிருக்கு?” என்றார் அப்பா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“மறுபடியும் கமாப்பா,” என்றாள் பெலிண்டா. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று லேபுக்குப் போனாள். திசு வெட்டுகிற பிளேடையும் ஒரு ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மாணவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதல்வர் மாலையோடு வாசலுக்கு வந்து, “அம்மா, அம்மா, சீஃப் கெஸ்ட் வர்ற நேரம்!” என்று பதறினார்.

“வரட்டும் சார். வந்து படிக்கட்டும்,” என்றாள் பெலிண்டா.

அப்பா ஸ்டூலின் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி நின்று, கமாவைச் சுற்றிப் பிளேடை ஓட்டி, வால் நுனிகூட மிச்சமில்லாமல் வெட்டி எடுத்தாள். கீழே இறங்கி அதை முதல்வர் கையில் கொடுத்தாள்.

“வெச்சுக்குங்க சார். வேற யாருக்காவது தேவைப்படும்.”

பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.